ஆட்டமே இல்லீங்க

அவரை நான் முதலில் தெரிந்துகொண்டது என் இடது கன்னத்தில்தான். ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் ஒரு கேமரா கடையில் அப்போது எனக்கு விற்பனை வேலை. காலையில் கடை திறந்து சாமி படத்துக்கு வைத்த ஊதுபத்தி பாதிகூட எரிந்திருக்காது. இடது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டுப்போட்ட ஒரு ஆள் உள்ளே வந்து, வலது கையிலிருந்த சாக்கைக் கண்ணாடி மேஜை மேல் கவிழ்த்தார். பிழிந்துபோட்ட துணி போல முறுக்கிக்கொண்ட மூன்று அலுமினியக் கால்கள் சடசடவென்று விழுந்தன. எங்கள் கடையில் வாங்கிய ட்ரைபாட். கடையில் அதை ஸ்டாண்டு என்போம்.

“ஆட்டமே இல்லீங்கன்னு சொல்லி இத வித்தது யாரு?”

யார் எதைக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு முன்னால் போய் நிற்பது எங்கள் தொழில் பழக்கம். “நான்தானுங்க” என்றேன். சிரிப்பு முடியுமுன் அறை விழுந்தது. காதுக்குள் மணி அடித்தது. எதிரே இருந்த ஆல்பம் அலமாரி இரண்டாகி, அலைந்து, மெல்ல மெல்ல ஒன்றாகச் சேர்ந்தது.

“அலமாரி ஆடிச்சா?” என்று கேட்டார்.

“ஆடுச்சுங்க.”

“ஆடினது அலமாரியா, ஒன் தலையா?”

“தெரியலைங்க” என்றேன். “எனக்கும் தெரியாமப் போச்சு. அதுல ஒரு பொம்பள செத்துப் போச்சு” என்றார். முதலாளி போலீசைக் கூப்பிட போனைக் கையில் எடுத்திருந்தார். நான்தான் வேண்டாம் என்று கை காட்டினேன். அடிபட்டவன் நானாக இருந்தும் ஏன் அப்படிச் செய்தேன் என்பதை அவர் சொல்லி முடித்த கதைதான் விளக்கும்.

குன்னூருக்குக் கீழே, சோலைக்காட்டை ஒட்டி ஒரு தேயிலை எஸ்டேட். அதில் ஏழாம் நம்பர் மலை என்று ஒரு பகுதி. தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதியையும் அங்கே மலை என்றுதான் சொல்வார்கள். சோலையிலிருந்து காட்டுமாடுகள் நேராக அந்த ஏழாம் நம்பருக்குள் இறங்கும். ஆளுயரத்துக்கு நிற்கிற அந்த மிருகம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தால் பத்தடியில் நின்றாலும் தெரியாது. அதனால் மேலே ஒரு பாறையில் ஆள் வைத்திருந்தார்கள். பறவை பார்க்கிற பழக்கமுள்ள பழைய மேனேஜர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போன சின்ன ஒற்றைக்கண் தூரக்கண்ணாடி ஒன்று எஸ்டேட்டில் கிடந்தது. அதில் சோலை ஓரத்தைப் பார்த்துவிட்டு, பாறையில் இருப்பவர் வெள்ளைக் கொடி காட்டினால் பெண்கள் கொழுந்து கிள்ள இறங்குவார்கள். சிவப்பு என்றால் ரோட்டிலேயே நிற்பார்கள். அந்தக் கண்ணாடியைக் குழல் என்பார்கள், இவரைக் குழல்காரர் என்பார்கள். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

குழலைக் கையில் பிடித்துப் பார்த்தால் எதுவும் நிற்காது. அதற்கு ஒரு ஸ்டாண்டு வாங்க எஸ்டேட் பீல்டு ஆபீசர் எங்கள் கடைக்கு வந்திருந்தார். மலையேறித் தூக்கிப்போக வேண்டும், இருப்பதிலேயே லேசாகக் கொடு என்றார். கொடுத்தேன். கடையின் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, மேலே தட்டி, “ஆட்டமே இல்லீங்க” என்றேன். சிமெண்டுத் தரையில், கதவு சாத்திய கடைக்குள், விளக்குமாற்றை நிறுத்தினால்கூட ஆடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

பாறை மேல் காற்றில் அது இலை நடுங்குவதுபோல் நடுங்கியிருக்கிறது. குழலுக்குள் ஒவ்வொரு புதரும் ஆடியது. ஒரு வாரம் எல்லாப் புதரும் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, ஆட்டம் ஸ்டாண்டில்தான் இருக்கிறது என்று அவருக்குப் பழகிவிட்டது. எட்டாம் நாள் சோலை ஓரத்தில் ஒரு புதர் ஆடியது. ஸ்டாண்டுதான் என்று நினைத்து வெள்ளைக் கொடியைக் காட்டினார். வரிசையில் கடைசியாக, ஓரமாக நின்ற பெண்ணை மாடு கொம்பில் தூக்கியது. அவர் குழலைப் பாறையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, கையில் வந்த ஸ்டாண்டோடு சரிவில் ஓடி, அந்த மாட்டின் முகத்தில் அடித்திருக்கிறார். ஒரு அடி அல்ல. மூன்று காலும் முறுக்கிக்கொள்ளும்வரை. மாடு ஒருமுறை தலையைத் திருப்பியதில் அவர் தோள் எலும்பு உடைந்தது. அப்புறம் அது தன்பாட்டுக்குச் சோலைக்குள் போய்விட்டது.

“அவ காலைல பெரட்டுல பேரு குடுக்கறப்ப, ‘அண்ணே, இன்னிக்கு எறங்கலாமா’ன்னு கேட்டா” என்றார். “எறங்கு தாயின்னேன்.”

பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பது. இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவர் அவர். அந்த மாதிரி சொற்கள் அவர் வாயில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தன.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அடித்த அதே கையால் அவர் சாக்குக்குள் துழாவி, துண்டில் சுற்றிய குழலை வெளியே எடுத்தார். “சரி. இப்ப ஆடாத ஸ்டாண்டு காட்டு” என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் அவர் எங்கள் கடைக்கு ஐந்தாறு முறை வந்திருப்பார். ஸ்டாண்டைச் சோதிக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. கடைக்கு வெளியே, காற்றடிக்கிற படிக்கட்டில் நிறுத்துவார். குழலை மாட்டி, எதிர்ச் சரிவில் ஒரு வீட்டுக் கூரைமேல் இருந்த டிவி ஆன்டெனாவின் மேல் திருப்புவார். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, நடுவிரலால் ஸ்டாண்டின் காலில் ஒரு சுண்டு சுண்டுவார். ஆன்டெனா நடுங்கி அடங்கும்வரை எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு. முதலில் காட்டியது ஒன்பதில் அடங்கியது. அதைக் கழற்றி, படியில் குறுக்காகக் கிடத்தி, மேலே ஏறி மிதித்தார்.

முதலாளி கத்தினார். “யோவ், அது விக்கிற சாமானம்யா.”

“வித்தா இன்னொருத்தி சாவா. ஒடஞ்சே கெடக்கட்டும்.”

இரண்டாவதற்கும் அதே கதி. முதலாளி கத்தினாரே தவிர வெளியே தள்ளவில்லை. ஒன்று, அவருக்கும் பயம். இரண்டு, செத்துப்போன பெண்ணின் கதையை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மூன்றாவது முறை வந்தபோது உடைபடுவதற்கென்றே செய்ததுபோல் இருந்த மட்டமான சரக்கையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கல்யாண வீடியோக்காரர்கள் வாங்கும் பெரிய ஸ்டாண்டை எடுத்து வந்தேன். சுண்டினார். ஒண்ணு. அவ்வளவுதான், ஆன்டெனா ஆணியடித்த மாதிரி நின்றது. அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வலது தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து மேஜைமேல் வைத்தார்.

“ஏலாதுங்க” என்றார். பாறைக்கு ஏற ஒரு கை கம்பு ஊன்ற வேண்டும். மற்றக் கை உடைந்த தோளில் தொங்குகிறது. முதுகில் கட்டினாலும் இழுக்கிறதாம். அவர் வாயிலிருந்து ஏலாது என்ற சொல் வந்ததை அந்த ஒரு முறைதான் கேட்டேன். பிறகு அந்தச் சொல் வந்ததற்காகத் தன் இடது தோளிலேயே வலது கையால் ஒரு குத்து விட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தூக்கும்போது லேசாக இருக்க வேண்டும், நிற்கும்போது கனமாக இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் அப்படி ஒரு பொருள் கடையில் கிடையாது. இதற்கிடையில் இன்னொரு தப்பு செய்தேன். குழலை மாட்டும் தலைப்பகுதியை மட்டும் மாற்றலாம் என்று, உருண்டை மூட்டு வைத்த தலை ஒன்றைக் காட்டினேன். சின்னதாக, அழகாக இருக்கும். போட்டோ எடுப்பவர்களுக்குப் பிடித்தது. குழலை மாட்டித் திருகைத் தளர்த்தினார். குழல் மூக்குக் குப்புறத் தொங்கிவிட்டது. அவர் ஒரு நொடி அதைப் பார்த்தார். அப்புறம் தலையைக் கழற்றிச் சுவரில் ஓங்கி அடித்தார். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. திரும்ப எடுத்து, திரும்ப அடித்தார்.

“அவ கழுத்து இப்படித்தான் தொங்கிச்சு” என்றார். அன்று வேறு எதையும் காட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

டீ என்றதும் நினைவுக்கு வருகிறது. அவரோடு டீக்கடைக்குப் போவது ஆபத்து. பின்னால் ஒருநாள், குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் டக்கு டக்கு என்று ஆடும். நாலு பேர் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். அவர் எழுந்துபோய் அந்தக் குட்டைக் காலை எட்டி உதைத்தார். கால் போய் பெஞ்சு சாய்ந்து நாலு பேரும் தரையில். ஒருவர் சட்டையெல்லாம் சட்னி. “இப்ப ஆடாது, ஒக்காருங்க” என்றார் குழல்காரர். அவர்கள் அடிக்க வந்தார்கள். இவர் ஒரு கையாலேயே இரண்டு பேரைச் சாய்த்தார். நான் மூன்றாமவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, விட்டுருங்ணா, அவருக்கு மனசு சரியில்லீங்ணா” என்று கெஞ்சினேன். உண்மையைச் சொன்னால், கெஞ்சும்போதே எனக்குச் சிரிப்பும் வந்தது.

ஆனால் எல்லாம் சிரிப்பில்லை. நான் பாறைக்கே போய்வர ஆரம்பித்த பின் ஒருநாள், எஸ்டேட் ரோட்டில் டூரிஸ்ட்டுகளைக் கூட்டிவரும் ஜீப்காரன் ஒருவன், படுத்திருந்த காட்டுமாடுகள் எழுந்து போட்டோவுக்கு நிற்கட்டும் என்று ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தான். கீழே மலையில் ஆள் இருக்கிறார்கள். குழல்காரர் போய் ஹெட்லைட்டைக் கம்பால் உடைத்தார். அவனை இழுத்து இறக்கி, சுடுகிற பானட்டில் முகத்தை வைத்து அழுத்திப் பிடித்தார். அவன் துடித்தான். “ஆடாத, ஆடாத” என்று சொல்லிக்கொண்டே, துடிப்பு அடங்கும்வரை எண்ணினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டாண்டில் எண்ணுகிற அதே குரல். அவன் கன்னத்தில் தோல் கழன்றுவிட்டது. அன்று அவரைப் பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பு போகவே இல்லை. பின்னால் அதுதான் என் வாயில் வந்து உட்கார்ந்தது.

ஸ்டாண்டு விஷயத்துக்கு வருகிறேன். விடை எனக்கு ஒரு மத்தியானம், கடைக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தபோது கிடைத்தது. கனத்தைக் கீழிருந்து ஏன் தூக்கிப்போக வேண்டும், பாறையைச் சுற்றித்தான் கல் கிடக்கிறதே. நடுக்கம்பின் அடியில் கொக்கி வைத்த ஒரு லேசான ஸ்டாண்டு கடையில் இருந்தது. அந்தக் கொக்கியில் சாக்கைக் கட்டி, அங்கே கிடக்கிற கல்லைப் போட்டால் முடிந்தது. நடுக்கம்பை உயர்த்தவே கூடாது. கால்களில் மேலே இருக்கிற தடித்த இரண்டு கட்டத்தை மட்டும் திறக்க வேண்டும். மெலிந்த கடைசிக் கட்டத்தைத் திறந்தால் ஆட ஆரம்பித்துவிடும். உயரம் போதாதே என்றால் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். தலைக்கு, பெரிய வீடியோ ஸ்டாண்டுகளின் வரிசையில் சின்னதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒரே கைப்பிடி. மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் போகும். உள்ளே பிசின் மாதிரி ஒரு இறுக்கம் இருப்பதால் விட்ட இடத்தில் நிற்கும், தொங்காது. எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ வராது.

படிக்கட்டில் நிறுத்தி, யூரியா சாக்கு ஒன்றில் கல் போட்டுக் கொக்கியில் கட்டினேன். அவர் உட்கார்ந்தார். ஆன்டெனாவைப் பிடித்தார். சுண்டினார்.

“ஒண்ணு. ரெண்டு.”

நின்றுவிட்டது. மறுபடி சுண்டினார். ரெண்டு. காலை உதைத்தார். ரெண்டு. எழுந்து என் எதிரே வந்து, நடுவிரலால் என் காதை ஓங்கிச் சுண்டினார். நான் துள்ளியதைப் பார்த்து எண்ணினார். “நீங்க அஞ்சு” என்றார். அந்த நாளிலிருந்து எனக்கு நீங்க கிடைத்தது. ஒவ்வொரு முறை பார்த்துப் பிரியும்போதும் காதில் ஒரு சுண்டும் கிடைத்தது. காது சிவந்துபோய் வீட்டுக்கு வந்தால் நான் குடியிருந்த காந்தல் பகுதியில் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, “குழல்காரரப் பாத்துட்டு வர்றீங்களாட்ட இருக்குது” என்பார்கள். என்னைவிட நாலு வயது மூத்த அண்ணன் எனக்கு இருந்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பார் என்று தோன்றும். அவரை எனக்குப் பிடித்திருந்தது. பயமும் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

செவ்வாய்க்கிழமை எனக்குக் கடை லீவு. பஸ் பிடித்து அந்தப் பாறைக்குப் போக ஆரம்பித்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. செத்த பெண் நின்ற இடத்தை ஒருமுறையாவது பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். குழலில் பார்த்தால் கீழே ஏழாம் நம்பர் மலை தட்டில் வைத்ததுபோல் தெரியும். பெண்கள் வாயில் வெற்றிலை அசைவது வரை தெரியும்.

ஆனால் அவர் வேறு மாதிரி ஆகியிருந்தார். ஒருமுறை வெள்ளைக் கொடி காட்டி ஆளைக் கொன்றவருக்குக் கை சிவப்புக்கே போனது. காற்றில் ஒரு கிளை அசைந்தால் சிவப்பு. மிஸ்ட் இறங்கினால் சிவப்பு. குரங்கு குதித்தால் சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் பெண்கள் ரோட்டில் நின்றார்கள். கொழுந்து முற்றியது. கூடையில் எடை குறைந்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம். கங்காணி மேலே வந்து சத்தம் போட்டபோது குழல்காரர் அவர் மூக்கை உடைத்தார். மேனேஜர் கூப்பிட்டு எச்சரித்தார். இன்னொரு முறை கை நீட்டினால், இன்னொரு முறை இல்லாத மாட்டுக்குக் கொடி காட்டினால், வேலையும் கிடையாது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடும் கிடையாது. அவருக்கு வேறு வீடு எந்த ஊரிலும் கிடையாது.

“வேலை போனா போவுது” என்று என்னிடம் சொன்னார். “எனக்கப்புறம் இங்க ஆளு போட மாட்டானுங்க தம்பி. கொழலத் தூக்கிப் பீரோல வச்சுருவானுங்க. பொம்பளைங்க கண்ணக் கட்டிக்கிட்டு எறங்குவாளுங்க.”

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். மிஸ்ட் விலகி வெயில் வந்திருந்தது. காற்று கொஞ்சம் இருந்தது. அவர் பாறைக்குப் பின்னால் போயிருந்தார். குழலில் நான்தான் கண்ணை வைத்திருந்தேன். சோலை ஓரத்தில் ஒரு உண்ணிச்செடிப் புதர் அசைந்தது. பக்கத்துப் புதர்களும் காற்றுக்கு அசைந்தன. ஆனால் இதன் அடியில், இலைக்கும் தரைக்கும் நடுவே, வெள்ளையாக இரண்டு கால் தெரிந்தது. காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். மேலே கறுப்பு. கறுப்புக்கு மேலே ஒரு கொம்பின் நுனி. நான் பார்த்தேன். இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது.

“அண்ணா, இங்க வாங்க” என்றேன்.

ஓடி வந்து என்னைத் தோளால் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். பார்த்தார். சுண்டினார். ஒண்ணு, ரெண்டு. படம் நின்றுவிட்டது. புதர் நிற்கவில்லை.

“ஸ்டாண்டு நிக்குது. ஆடறது காடு” என்றார்.

சிவப்பைத் தூக்கினார். கீழே கங்காணி அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பெண்கள் நிமிரக்கூட இல்லை. எத்தனை சிவப்பைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். வரிசை சோலையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கடைசி ஆளுக்கும் அந்தப் புதருக்கும் நடுவே இருபது செடி இருக்காது. அவர் கத்தினார். காற்று எதிர்த்திசையில் இருந்தது. கொடிக்கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் குதித்தார்.

போய்ச் சேர்ந்ததும் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தில் நின்ற பெண்ணை முதலில் அடித்தார். முதுகில், தோளில், கூடையில். அடுத்தவளை. அடுத்தவளை. கொழுந்து சிதறியது. ஓடியவர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார். விழுந்த ஒருத்தியை முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, முதுகில் உதைத்து ரோட்டுப் பக்கம் தள்ளினார். கங்காணி குறுக்கே வந்தார். கம்பு அவர் முழங்காலில் இறங்கியது. ஒரு பெண் ஓடாமல் நின்று, “எதுக்குடா அடிக்கிற?” என்று கேட்டாள். அவள் புருவத்தில் கம்பு விழுந்து பிளந்தது. முகமெல்லாம் ரத்தமாக அவளும் ஓடினாள். ஐந்து நிமிஷத்தில் மலை காலியாகிவிட்டது. நாற்பது பெண்கள் ரோட்டில் நின்று அழுதார்கள், திட்டினார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள்.

அந்தக் கூச்சலுக்கு மாடு திரும்பிச் சோலைக்குள் போய்விட்டது. நான் மறுபடி குழலில் கண்ணை வைத்தபோது புதர் சும்மா நின்றது. மற்றப் புதர்களைப் போலக் காற்றுக்கு லேசாக அசைந்துகொண்டிருந்தது.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வைத்து மேனேஜர் விசாரித்தார். பீல்டு ஆபீசர், கங்காணி, அத்தனை பெண்களும் இருந்தார்கள். குழல்காரர் தனியாக ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். புருவம் பிளந்த பெண் முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தானை நனைந்து சிவந்திருந்தது.

“தொரை, மாடு முட்டிச் செத்தா மாடுன்னு விட்டுரலாம். மனுசன் அடிச்சுச் சாக எங்களால ஏலாது. இவன் இருந்தா நாங்க நாளைக்குப் பெரட்டுக்கு வர மாட்டோம்.”

“மாடு இருந்திச்சு” என்றார் குழல்காரர். “தம்பியக் கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் மரியாதையாகத்தான் கேட்டார். “நீங்க கேமரா கடைக்காரர். இந்தக் கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்க என்ன பாத்தீங்க?”

பார்த்ததைச் சொன்னால் அவருக்கு வேலை தங்கும். அதை நான் நன்றாகவே அறிவேன். ஆனால் எதிரே அந்த முந்தானை. மாடு அன்று யாரையும் தொடவில்லை, தொட்டதெல்லாம் இந்த ஆள். இவர் இங்கேயே இருந்தால் அடுத்த முறை கம்பு ஒருத்தியின் மண்டையில் இறங்கும் என்று நினைத்தேன். ஜீப்காரனின் கழன்ற தோல் நினைவுக்கு வந்தது. இவ்வளவும் நியாயமான காரணங்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு அற்பக் காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது பேர் ஒருவரை வெறுத்துக்கொண்டு நிற்கும்போது, அவர் பக்கத்தில் போய் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை.

“சரியாத் தெரியலைங்க” என்றேன். “காத்து இருந்துதுங்க. ஸ்டாண்டுல கொஞ்சம் ஆட்டம் இருந்துதுங்க.”

அவர் பாய்ந்து வருவார் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறார் என்று நினைக்கிறேன்.

நாலு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். வலது தோளில் ஸ்டாண்டு. வலது கையிலேயே யூரியா சாக்கும். தரையில் இறக்கி வைத்தபோது உள்ளே கல் உரசும் சத்தம் கேட்டது. உடைந்த தோளோடு, பெரிய ஸ்டாண்டைத் தூக்க ஏலாது என்றவர், பாறையிலிருந்து கல்லையும் பஸ்ஸில் தூக்கி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. சட்டைப் பையிலிருந்து எஸ்டேட் ஆபீஸ் கடிதத்தை எடுத்து முதலாளியிடம் கொடுத்தார். வேலையிலிருந்து நீக்கிவிட்டவரிடம் கடைசியாக ஒப்படைத்த வேலை அது. தங்கள் கடையில் வாங்கிய ஸ்டாண்டில் ஆட்டம் இருப்பதாகத் தங்கள் விற்பனையாளரே தெரிவித்திருப்பதால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது.

“கொழல் பீரோல இருக்குங்க” என்றார் முதலாளியிடம். “நேத்து அந்தப் பொதருக்கு அடியில மாட்டுக் கொளம்படி கெடக்குதுன்னு புருவம் ஒடஞ்ச பொம்பள வந்து சொல்லிட்டுப் போனிச்சு. சொல்லிட்டு இன்னும் நல்லாத் திட்டிட்டும் போனிச்சு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கல்லும் கொண்டாந்திருக்கேன். கட்டிப் பாருங்க.”

படிக்கட்டில் நிறுத்தினேன். சாக்கைக் கொக்கியில் கட்டினேன். குழல் இல்லாததால் கடையில் இருந்த கேமரா ஒன்றை நீள லென்ஸோடு மாட்டி, அந்த ஆன்டெனாவைப் பிடித்தேன். அவர் ஒதுங்கி நின்றார். நான்தான் சுண்டினேன். ஒண்ணு. ரெண்டு. நின்றுவிட்டது.

முதலாளி உள்ளேயிருந்து கேட்டார். “ஏப்பா, ஆட்டம் இருக்குதா?”

இந்த ஒரு முறையாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். “இல்லீங்க. ஆட்டமே இல்லீங்க.”

அவர் தலையை ஆட்டினார்.

“இதேதான் மொதல்லயும் சொன்னீங்களாம்” என்றார்.

கோபமே இல்லாமல்தான் சொன்னார். படியிறங்கிப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். எந்த ஊர் பஸ் என்று நான் கேட்கவில்லை. அவர் காதைச் சுண்டுவார் என்று தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தேன். ஆள் கூட்டத்தில் மறைந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினேன்.